மருதப்பன் வரைந்த நாட்டாமி

1931ஆம் ஆண்டு நான் கொழும்பில், கொட்டாஞ்சேனையில் ஒரு சின்ன அச்சுக்கூடத்தில் தமிழ் எழுத்துக் கோர்க்கும் வேலையில் இருந்தேன். என் பெயர் நமசிவாயம். ஊர் யாழ்ப்பாணத்தில் சாவகச்சேரிப் பக்கம். கல்யாணக் கடிதம், மரண அறிவித்தல், கோயில் நோட்டீஸ், இவற்றில்தான் எங்கள் அச்சுக்கூடம் பிழைத்தது. தேயிலைக்கும் இறப்பருக்கும் விலை விழுந்த காலம் அது. சனங்கள் கல்யாணத்தைக்கூடத் தள்ளிப்போட்டார்கள். அதனால் எங்கள் முதலாளி பின்னறையை ஒரு தொழிற்சங்கத்துக்கு வாடகைக்கு விட்டார். அங்கிருந்து கிழமைக்கு ஒருமுறை அவர்களுடைய பத்திரிகை வந்தது. மூன்று பக்கம் சிங்களம், ஒரு பக்கம் தமிழ். ஆசிரியர் பியசேன என்ற மெலிந்த மனிதர். றெயில்வேயில் வேலை போனவர்.

மருதப்பன் முதன்முதல் அங்கே வந்தது மை கேட்டு. துறைமுகத்துக்குப் பக்கத்தில், பெட்டி கட்டிக் கப்பலுக்கு அனுப்பும் ஒரு தேயிலை ஸ்டோரில் அவர் தகட்டெழுத்து வெட்டுபவர். தோட்டத்தின் பெயரைத் தகரத்தில் ஓட்டை ஓட்டையாக வெட்டுவார். அதைப் பெட்டிமேல் வைத்துக் கரிமை பூசினால் பெயர் விழும். லண்டன் போகிற பெட்டிகளில் பாதி அவருடைய எழுத்தோடு போயின. ஆனால் அவருக்கு வேலை இப்போது கிழமைக்கு இரண்டு நாள்தான்.

அன்றைக்குப் பத்திரிகையில் கட்டுரை ஒன்று வராமல் ஒரு கட்டம் காலியாகக் கிடந்தது. பியசேன தலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மருதப்பன் சிங்களத்தில் அண்ணன் முறை வைத்து, "அய்யே, அதில் ஒரு படம் போட்டால் என்ன?" என்று கேட்டார். பிறகு பெட்டிப் பலகைத் துண்டு ஒன்றை எடுத்து, தகரம் வெட்டுகிற அதே உளியால் ஒரு மணித்தியாலத்தில் செதுக்கித் தந்தார்.

படத்தில் ஒரு நாட்டாமி. சுமை தூக்குகிறவனைக் கொழும்பில் தமிழரும் சிங்களவரும் அப்படித்தான் சொல்வோம். தலையில் சாக்கு, விலா எலும்பு தெரியும் உடம்பு, இரண்டு பக்கமும் விரிந்த பெரிய காது. அவன் முதுகில் மூட்டை. மூட்டைமேல் தொப்பி போட்ட ஒரு கொழுத்த முதலாளி உட்கார்ந்து, "இறங்கி நட, பாரம் கூடுகிறது" என்று மூட்டையைப் பார்த்துச் சொல்கிறார்.

அந்த இதழ் மத்தியானத்துக்குள் தீர்ந்துபோனது. வாசிக்கத் தெரியாதவர்கள்கூட வாங்கிப் போனார்கள். ஜிந்துப்பிட்டியில் பௌஸி நானா என்ற முஸ்லிம் பெரியவரின் தேத்தண்ணிக் கடைச் சுவரில் படத்தை வெட்டி ஒட்டினார்கள். அதன்பிறகு ஒவ்வொரு கிழமையும் நாட்டாமி வந்தான். வேலை இல்லை என்ற பலகையின் முன் நின்றான். தர்மக் கஞ்சிக்கு வரிசையில் நின்றான். ஒருமுறை கவர்னரின் குதிரைக்குப் புல் கொடுத்துவிட்டு மிச்சத்தைத் தான் தின்றான். சிங்களத் தொழிலாளி அவனைச் சிங்களவன் என்று நினைத்தான். எங்கள் ஆட்கள் எங்களவன் என்று நினைத்தார்கள்.

"யாரைப் பார்த்து வரைந்தீர்கள்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எங்க அய்யாவைங்க," என்றார். "ராமநாதபுரத்திலேருந்து வந்து கப்பலுக்குக் கரி தூக்கினாரு. நெஞ்சுல கரி அடைச்சுத்தான் செத்தாரு. அந்தக் காது அப்படியே அவரு காது."

மருதப்பன் பிறந்தது கொட்டாஞ்சேனையில். ராமநாதபுரத்தை அவர் கண்டதில்லை.

அடுத்த வருடம் நிலைமை இன்னும் கெட்டது. துறைமுகத்திலும் மில்லிலும் ஆட்களை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். சங்கக் கூட்டங்களில் முதலாளியைப் பற்றிய பேச்சுக் குறைந்து, "இந்தியாவிலிருந்து வந்தவனுக்கு ஏன் வேலை? எங்களுக்கு ஏன் இல்லை?" என்ற சத்தம் கூடியது. ஆட்கள் சங்கத்தை விட்டுப் போகத் தொடங்கினார்கள். பியசேன தாடி வழிக்காமல் வருவார், பேசாமல் எழுதுவார்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவர் மருதப்பனைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். தம்பி என்கிற அர்த்தத்தில் மல்லி என்றுதான் அவரைக் கூப்பிடுவார். நான் பக்கத்து மேசையில் எழுத்துப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

"மல்லி, இந்தக் கிழமை படம் கொஞ்சம் வேறு மாதிரி வேண்டும். இந்தியாவிலிருந்து வந்தவன் சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு கப்பலுக்குப் போகிறான். இங்கேயுள்ள பிள்ளைகள் வெறும் கோப்பையோடு பின்னால் நிற்கிறார்கள்."

மருதப்பன் சிரித்தார். பகிடி என்றுதான் நினைத்திருக்க வேண்டும். பிறகு பியசேனவின் முகத்தைப் பார்த்தார்.

"அய்யே, நான் யாரு?"

"உன்னைச் சொல்லவில்லை மல்லி. நீ எங்களோடு பிறந்தவன். நான் சொல்வது மற்றவர்களை."

"மத்தவங்கன்னா யாரு? எங்க அய்யாவா?"

மருதப்பன் உளியைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு எழுந்து போனார்.

ஆனால் பலகைகள் எல்லாம் பின்னறை அலுமாரியில் இருந்தன. புதன்கிழமை கடைப்பலகை எழுதும் ஓர் ஆள் வந்தான். அவன் அந்த முதல் படத்துப் பலகையை எடுத்தான். மூட்டையையும் முதலாளியையும் தோண்டி எறிந்துவிட்டு, குழியில் வேறு மரத்துண்டு இறுக்கி அதில் சோற்றுப் பானையைச் செதுக்கினான். ஓரத்தில் ஒரு கப்பல். நாட்டாமியின் காலையும் காதையும் தொடவில்லை. அவை நன்றாகவே இருந்தன.

அதை அச்சுச் சட்டத்தில் வைத்து ஆணி இறுக்கியவன் நான்தான். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. எனக்கு வேலை வேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்து ஆளை யாரும் கப்பலேற்றச் சொல்லவில்லை என்ற ஆறுதலும் உள்ளுக்குள் இருந்திருக்கும். அந்த இதழோடு தமிழ்ப் பக்கமும் நின்றது.

மருதப்பனின் மனைவி வெள்ளையம்மா காரீய ஸ்டோரில், பென்சிலுக்குப் போகும் காரீயத்திலிருந்து கல் பொறுக்குகிறவர். வியாழக்கிழமை காலை வேலைக்குப் போகும் வழியில் பௌஸி நானாவின் கடைச் சுவரில் அந்தப் படத்தைக் கண்டார். அப்படியே வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டார்.

"ஏங்க, இது மாமாதானே? மாமா முதுகுல எதுக்குங்க பானை?"

அன்றைக்குத் தேயிலை ஸ்டோரில் மருதப்பனின் மேசைமேல் யாரோ படத்தைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். கூட வேலை செய்கிறவர்கள் தோளில் தட்டி, "உனக்கில்லை மருதப்பன், நீ எங்கட ஆள்," என்றார்களாம். அவர்கள் அன்போடுதான் சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை அவர் பியசேனவிடம் வந்தார். சத்தம் போடவில்லை. ஆனால் அண்ணன் என்கிற அய்யே போய், துரை என்கிற மாத்தையா வந்திருந்தது.

"மாத்தையா, அந்தப் பலகையை எனக்குக் குடுத்துடுங்க."

"அது பத்திரிகையின் சொத்து."

"உருவம் என்னுதுங்க."

பியசேன சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நேற்று இரண்டாம் தரமும் அச்சடித்தோம். இப்படி ஒருநாளும் விற்றதில்லை. நான் நிறுத்தினால் என்னை நிறுத்திவிட்டு வேறொருவனை வைப்பார்கள். நான் என்ன செய்ய, சொல்லு?"

மருதப்பன் திரும்பி என்னைப் பார்த்தார். நான் குனிந்து எழுத்துப் பெட்டியில் ஏதோ தேடினேன்.

அடுத்த மாதம் ஸ்டோரில் ஆட்குறைப்பு வந்தது. பட்டியலில் இந்தியப் பெயர்கள் முதலில் இருந்தன. மருதப்பன் பெயர் மூன்றாவது.

அதன்பிறகு அவர் வீட்டில் உட்கார்ந்து பதில் படம் வரையத் தொடங்கினார். அதே நாட்டாமி நெஞ்சில் கைவைத்து, "நான் கட்டின துறைமுகம், நான் எங்கே போக?" என்று கேட்பதுபோல ஒன்று. அதை ஒரு தமிழ்ப் பத்திரிகைக்குக் கொண்டுபோனோம். நானும் கூடப் போனேன், அவ்வளவாவது செய்தேன். அங்கிருந்த பெரியவர் வெள்ளை வேட்டி மடிப்புக் கலையாமல் உட்கார்ந்து, "தம்பி, இது கூலிக்காரர் சண்டை. எங்கட வாசகர் வேற ஆக்கள்," என்று திருப்பித் தந்துவிட்டார்.

திரும்பி வரும்போது பௌஸி நானாவின் கடையில் தேத்தண்ணி குடித்தோம். மருதப்பன் படத்தை விரித்து அவரிடம் காட்டினார். பௌஸி நானா நல்ல மனிதர். மருதப்பனைச் சின்ன வயதிலிருந்தே தெரிந்தவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இது பேப்பர்ல வந்த ஆள்தானே? இந்தியாவால வந்து நம்மட சோத்தத் தூக்கிக்கொண்டு போற ஆள். முதுகில பானயக் காணல்லியே?"

மருதப்பன் படத்தைச் சுருட்டினார். பௌஸி நானாவுக்குத் தான் என்ன சொன்னோம் என்றே தெரியவில்லை. இன்னொரு தேத்தண்ணி போடட்டுமா என்று கேட்டார்.

பிறகும் மருதப்பன் முயன்றார். காதைச் சின்னதாக்கினார், சாக்கை எடுத்தார், மீசை வைத்தார். எப்படி வரைந்தாலும் கடைசியில் அந்தப் பானைக்காரனே வந்து நிற்கிறான் என்றார். "எங்க அய்யா மொகமே இப்ப எனக்கு ஞாபகம் வரமாட்டேங்குது. கண்ணை மூடினா அந்தக் கடைப்பலகைக்காரன் வெட்டுன படந்தான் வருது."

குழாயடியில் பெண்கள் வெள்ளையம்மாவைப் பின்னுக்குத் தள்ளினார்கள். "எப்ப கப்பல்?" என்று கேட்டார்கள். இந்தியா போக அரசாங்கம் இலவச டிக்கெட் தருகிறது என்று ஓர் உத்தியோகத்தர் வீட்டுக்கே வந்து சொன்னார். எந்த ஊர் என்று அவர் கேட்டதற்குக் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்தார்களாம். அவர்கள் போகவில்லை. கொட்டாஞ்சேனையை விட்டு முகத்துவாரத்துக்கு வீடு மாறினார்கள்.

சங்கம் எதையும் வெல்லவில்லை. வேலை போனவர்கள் யாருக்கும் வேலை திரும்பக் கிடைக்கவில்லை, சிங்களவருக்கும்தான். 1933இல் பத்திரிகை நின்றது. பியசேன மருதானையில் எங்கோ கணக்கெழுதுகிறார் என்று கேள்விப்பட்டேன்.

அதற்கடுத்த வருடம் நான் முகத்துவாரம் போனேன். எங்கள் முதலாளிக்கு ஒரு சோப்புக் கம்பனியின் விளம்பரம் கிடைத்திருந்தது. குளிக்கிற ஒரு குழந்தையின் படம் வேண்டும். மருதப்பனின் நினைவுதான் வந்தது. ஆற்று வாய்க்குப் பக்கத்தில் மணலில் குந்தியிருந்து, கவிழ்த்த படகு ஒன்றுக்கு இலக்கம் எழுதிக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. வெள்ளையம்மா கருவாடு புரட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் இருவரும் சந்தோஷப்பட்டார்கள். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

விஷயத்தைச் சொன்னேன்.

"எழுத்துன்னா எழுதித் தாறேங்க," என்றார். "நம்பரும் போடுவேன். படம் வேணாம்."

"சின்னப் பிள்ளையின் படம்தானே?"

"ஆமாங்க. இன்னைக்கு அது பிள்ளை. நாளைக்கு யாராக்குவாங்களோ, எனக்கென்ன தெரியும்?"

அவர் தூரிகையைக் கரிமையில் தோய்த்து அடுத்த இலக்கத்தை எழுதத் தொடங்கினார். நான் இன்னும் ஏதோ சொல்லப்போகிறேன் என்று வெள்ளையம்மா கருவாட்டைப் புரட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மழை வருகிறது என்று சொல்லிப் புறப்பட்டேன்.