சாவு வராத படம்

சித்தப்பா போய் ஐந்து மாதம் ஆகியும் சித்தி தேயிலைக் கொழுந்து பறிக்கப் போவதைத் தவிர லயத்து வீட்டு வாசலைத் தாண்டவில்லை. மலையில் மரம் சாய்ந்து, காலையில் வேலைக்குப் போனவரை மத்தியானம் கம்பளியில் சுற்றித் தூக்கி வந்திருந்தார்கள்.

தங்கையை ஒரு தடவையாவது சிரிக்க வைத்துவிடுவது என்று அம்மா கங்கணம் கட்டிக்கொண்டாள். ஹட்டன் கொட்டகையில் அப்போது ஒரு சிரிப்புப் படம் ஓடியது. மாமா என்னை ஏற்கெனவே கூட்டிப்போய்க் காட்டியிருந்ததால், அம்மா என்னைத்தான் விசாரித்தாள்.

“படத்துல சாவு கீவு வருதா?”

“இல்லம்மா. முழுக்கச் சிரிப்புத்தான்.”

நான் பொய் சொல்லவில்லை. கல்யாணத்துக்குப் பயந்த ஒருவன் செத்ததுபோல நடிப்பான். பாடையில் கிடத்தி ஊரே ஒப்பாரி வைக்கும். மூக்கில் ஈ உட்கார்ந்ததும் தும்மிக்கொண்டு எழுந்துவிடுவான். யாரும் சாகவில்லையே. எனக்கு ஒன்பது வயது.

“எனக்கு எதுக்குக்கா படமெல்லாம்?” என்றாள் சித்தி.

“புள்ளைய தனியா அனுப்ப முடியுமா? நீ கூட்டிட்டுப் போ” என்று அம்மா பிடிவாதமாக எங்களை அனுப்பிவைத்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எங்கள் டிக்கோயாத் தோட்டத்திலிருந்து ஹட்டனுக்கு நடந்தே போனோம்.

கொட்டகையே குலுங்கிச் சிரித்தபோதும் சித்தி கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். திரையில் அவன் மூச்சை அடக்கிக்கொண்டு சாய்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அடுத்து வருவது பாடை. எப்படியாவது சித்தியை வெளியே கொண்டுபோய்விட வேண்டும்.

“சித்தி, ஒண்ணுக்கு வருது.”

“கொஞ்சம் பொறுத்துக்க.”

“வயித்தையும் வலிக்குது சித்தி.”

சித்தி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஒப்பாரி தொடங்கிவிட்டது. நான் பெஞ்சின் மேல் ஏறி, இரண்டு கைகளாலும் அவள் கண்களைப் பொத்தினேன். பின்னாலிருந்து யாரோ அதட்டினார்கள். நான் விடவில்லை.

“பாக்காதீங்க சித்தி. பாடை வருது.”

சித்தி என் கைகளை மெல்ல விலக்கினாள். “ஒக்காரு. நான் பாக்கணும்.”

என் இரண்டு மணிக்கட்டுகளையும் மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். வலித்தது. அவன் தும்மினான், பாடையில் எழுந்து உட்கார்ந்தான். கொட்டகை அதிர்ந்தது. சித்தி சிரிக்கவுமில்லை, அழவுமில்லை. வாய் லேசாகத் திறந்திருக்க, முன்னால் குனிந்து பார்த்துக்கொண்டேயிருந்தாள். அவள் பிடி தளர்ந்தது.

படம் விட்டதும் நடந்தே திரும்பினோம். தோட்டத்துக்குச் சாலை வளையும் முடக்கில் சித்தி நின்று கேட்டாள்.

“அடுத்த ஞாயித்துக்கெழமையும் இந்தப் படந்தான் ஓடுமா?”

“ஆமா சித்தி.”

“போவோம்.”

அதன் பிறகு இரண்டு ஞாயிறுகள் போனோம். இரண்டு தடவையும், அவன் பாடையிலிருந்து எழுந்த கையோடு, “வா, போகலாம்” என்று சித்தியும் எழுந்துவிட்டாள்.

சித்திக்குச் சிரிப்புப் படம் பிடித்துவிட்டது என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மாவுக்கும் சந்தோஷம். படத்தின் கடைசியில் வரும் கல்யாணச் சண்டையைப் பார்க்கவிடாமல் இழுத்து வந்ததற்காக, சித்தி மேல் எனக்குத்தான் கொஞ்ச நாள் கோபம் இருந்தது.