பதின்மூன்றாவது நோட்டீஸ்

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வேலை எண்டால், அளவு நாடாவோடை மற்றவையின்ரை கக்கூசைச் சுத்தி நடக்கிற வேலை. அரசாங்கக் கடதாசியோடை ஊருக்குள்ளை போய்ப் பேச்சு வாங்கினவைக்கு என்ரை பாடு விளங்கும். இது எண்பத்தஞ்சிலை, யாழ்ப்பாணத்து வலிகாமத்திலை நடந்தது.

இரண்டடி குறைவு

ஒரு ஒழுங்கையிலை பிள்ளையள் எல்லாருக்கும் வயித்தோட்டம். பன்ரெண்டு குடும்பமும் குடிக்கிறது தாமோதரம் அண்ணையின்ரை வளவிலை இருக்கிற பங்குக் கிணத்திலைதான். நாடாவைப் பிடிச்சன். அவரின்ரை கக்கூசுக் குழி, சட்டம் சொன்ன தூரத்துக்கு இரண்டடி உள்ளுக்கை நிண்டுது. பிடிச்சிட்டன் எண்டு எனக்குப் பெரிய புளுகம், சந்தோசம் தாங்கேல்லை! "வழக்கு வரும், கிணத்தையும் மூடுவன்" எண்டன். வெங்காயம் கட்டிக்கொண்டிருந்த மனுசன் எழும்பி வந்தார். "கக்கூசை இண்டைக்கே இடிக்கிறன் ஐயா. கிணத்தை மூடினால் பன்ரெண்டு வீடும் தண்ணிக்கு எங்கை போறது?"

நோட்டீசுக்கு வரிசை

சட்டப்படி கிணத்துச் சொந்தக்காரருக்கு நோட்டீஸ் குடுக்கவேணும். சொந்தக்காரர் பன்ரெண்டு பேர். ஒளிப்பினம் எண்டு நினைச்சுப் போனால், ஐயோ, வரிசையிலை நிக்கினம்! அரசாங்க முத்திரை குத்தின கடதாசியிலை பேர் இருந்தால் பங்குக்குச் சாட்சியாம். கை நோக நோக எழுதினன். கடைசியாத் தாமோதரம் அண்ணையின்ரை மனுசி பறுவதம் அக்கா வந்தா. "எனக்குச் சீதனமாய் வந்த பங்கு ஐயா, அவரின்ரை பேரிலை எழுதிப்போடாதேங்கோ."

சாயம்

கிணத்தை மூடமுன்னம், குழியிலையிருந்துதான் அழுக்கு வருகுதெண்டு நிரூபிக்கவேணும். அதுவரைக்கும் கக்கூசை இடிக்கவேண்டாம், தண்ணியைக் கொதிக்கவைச்சுக் குடியுங்கோ எண்டு சொல்லிப்போட்டு, ஆய்வுகூடத்திலை கெடுதியில்லாத பச்சைச் சாயம் வாங்கி, தாமோதரம் அண்ணையின்ரை குழிக்குள்ளை ஊத்தினன். நாலு நாள் பார்த்தம். தண்ணியிலை ஒரு நிறமும் இல்லை. "உங்கடை குழிக்குள்ளையும் ஊத்திப் பாருங்கோவன்" எண்டு பறுவதம் அக்கா பகிடி விட்டா. என்ரை வீடு கோயிலுக்கும் அங்காலை, புகையிலைத் தோட்டத்துக்கும் அங்காலை. சட்டம் சொன்ன தூரத்தைப்போலை பத்து மடங்கு இருக்கும். சிரிச்சுக்கொண்டு ஊத்தினன்.

அடுத்த நாள் விடிய, வாளி பச்சையாய் மேலை வந்துது.

கிணத்துக்கட்டைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன். உள்ளுக்கை சுண்ணாம்புக்கல்லு. அதின்ரை வெடிப்புக்குள்ளாலை, கோயிலுக்குக் கீழாலை, றோட்டுக்குக் கீழாலை, ஒரு ராவுக்குள்ளை தண்ணி வந்து சேர்ந்திருக்கு! நான் இவ்வளவு காலமும் மேல்மண்ணைத்தான் அளந்திருக்கிறன். வெக்கம் இருந்தது, அதைவிட மலைப்புத்தான் கூட. தாமோதரம் அண்ணையும் எட்டிப் பார்த்தபடி நிண்டார், கோவிக்கக்கூட மறந்துபோனார். "வேலிக்கு எவ்வளவு சண்டை பிடிச்சம் ஐயா, கீழை ஒரு வேலியும் இல்லையே!"

பங்கு

பன்ரெண்டு நோட்டீசையும் திருப்பிக் கேட்டன். ஒருத்தரும் தரேல்லை, எல்லாம் காணி உறுதிப் பத்திரம் வைக்கிற பெட்டிக்குள்ளை போயிட்டுது. பதின்மூண்டாவதை என்ரை பேருக்கு எழுதி, நானே கையெழுத்துப் போட்டு, நானே வாங்கினன். என்ரை குழியைத் தூர்த்து, அடிக்குச் சீமெந்து போட்டுப் புதுசு கட்டுவிச்சன். தாமோதரம் அண்ணையும் தன்ரையைத் தள்ளிக் கட்டினார். கிணத்தை மூண்டுதரம் இறைச்சுக் குளோரின் போட்டம். பிள்ளையளுக்கு வயித்தோட்டம் நிண்டுது. பிறகொருநாள் போனபோது பறுவதம் அக்கா செம்பிலை தண்ணி நீட்டினா. "குடியுங்கோ ஐயா, இப்ப உங்களுக்கும் இதிலை பங்கிருக்கு."

நாடாவைத் தூக்கிக்கொண்டு திரிஞ்ச காலம் முழுக்க, நான் சந்தேகமில்லாமல் பிடிச்ச ஒரே குற்றவாளி என்ரை வளவுக்குள்ளைதான் இருந்தார்.