கடலுக்குப் போன படங்கு

என் முட்டாள்தனத்தை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். இந்து சமுத்திரத்தைக் காப்பாற்றுவதற்காகக் கட்டிய மனைவியின் படங்கைத் திருடியவன் நான்.

படங்கு என்பது கொழுந்து பறிக்கும் பெண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டும் தடித்த பிளாஸ்டிக் தாள். காலையில் தேயிலைச் செடிகள் இடுப்பு உயரத்துக்கு நனைந்து நிற்கும். படங்கு இல்லாமல் அதற்குள் இறங்கினால் பத்து நிமிடத்தில் சேலை தொடையோடு ஒட்டிவிடும். அட்டைகளுக்குக் கொண்டாட்டம். குளிரில் விரல் விறைத்துப்போனால் கிலோ ஏறாது. கிலோ ஏறாவிட்டால் அன்றைக்கு அரைப்பேர்தான், அதாவது பாதிச் சம்பளம். இதெல்லாம் தெரியாமல் செய்திருந்தால் தவறு என்று சொல்லித் தப்பித்திருப்பேன். எல்லாம் தெரிந்தே செய்தேன்.

கடலை நான் பார்த்தது ஒரே ஒரு முறை. கொழும்பு காலிமுகத்திடல் கடற்கரையில் கால் நனைக்கப் போனபோது இடது செருப்பை அலை கொண்டுபோய்விட்டது. ரப்பர் செருப்பு. உலகக் கடல்களில் மிதக்கிற குப்பையில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்று ஒத்துக்கொள்கிறேன். நீச்சல் தெரியாது. மீன் என்றால் எனக்கு டின் மீன், கையில் காசு குறைந்தால் கருவாடு. இந்தத் தகுதிகளோடுதான் பொகவந்தலாவைப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்து டிவிசனுக்குக் கடல் பாதுகாப்பு இணைப்பாளர் ஆனேன்.

தோட்டத் தொழிலாளர் வரிசைவீடுகளான லயத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கில டியூசன் கொடுப்பவன் என்பதால் என்னைப் பிடித்தார்கள். பிடித்தது ஒரு சர்வதேச நிறுவனம். கடலையும் ஆமையையும் திமிங்கிலத்தையும் காப்பாற்றுவது அவர்கள் வேலை. அதற்கு ஏன் மலை ஏறினார்கள் என்றால், எங்கள் ஓடையில் விழுகிற பை காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குப் போய், களனி கங்கையில் இறங்கி, கடலில் சேர்ந்து, ஆமையின் வயிற்றுக்குள் போகிறதாம். வரைபடத்தில் நீல அம்புக்குறி போட்டுக் காட்டினார்கள்.

அதை எட்டிப் பார்த்த ஒருவர் கேட்டார்: “மாஸ்டர், நம்ம லயத்துப் பை கொழும்பு வரைக்கும் போகுதா?”

“போகுதாம்.”

“பஸ்ஸு இல்லாமயா?”

“தண்ணியிலயே.”

“குடுத்து வச்ச பை.”

முதல் கூட்டம் பிள்ளைக்காம்பராவில் நடந்தது. தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம். வெள்ளைக்கார அம்மா ஒருவர் வந்திருந்தார். நல்லவர், மனசார நல்லவர். இப்படிப்பட்டவர்களைக் கேலி செய்வது சிரமமான வேலை, சிரமப்பட்டுத்தான் செய்கிறேன். தொட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, கடலோடு உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன்.

“கருவாட்டு ஒறவுதான்,” என்றாள் பின்வரிசையிலிருந்து ஒருத்தி.

பரம்பரை பரம்பரையாக வரும் நெருங்கிய உறவு என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அம்மாவுக்குக் கண் கலங்கியது. இன்னொருத்தி எழுந்து, “கடலப் பாக்க வந்தவங்க எங்க லயத்துப் பைப்பையும் ஒருக்கா பாப்பாங்களா? மூனு மாசமா தண்ணி வரல,” என்றாள். தண்ணீரைப் பற்றி அக்கறையாகக் கேட்கிறார்கள் என்றேன். அம்மா சந்தோஷமாகக் குறித்துக்கொண்டார். பைப்பு அதற்குப் பிறகும் அப்படியேதான் கிடந்தது.

எனக்கு ஒரு நீல டீசேர்ட் கொடுத்தார்கள். நெஞ்சில் ஆமை. மூன்று நாள் கழற்றவில்லை.

“ஆமை ஒங்களுக்குப் பொருத்தமாத்தான் இருக்கு,” என்றாள் மனைவி. “நடக்கிறதப் பாத்தா ரெண்டும் ஒரே சாதி.”

திட்டம் இதுதான். நூறு கிலோ பிளாஸ்டிக்கைச் சேர்த்து ஒப்படைத்தால், எங்கள் டிவிசனைப் பிளாஸ்டிக் இல்லாத டிவிசன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பார்கள். சேர்க்க வேண்டியவற்றின் பட்டியலை நிறுவனத்தின் கொழும்பு அதிகாரி, எங்களுக்கு அவர் ‘சேர்’, கொடுத்தார்: சொப்பிங் பை, தயிர்க் கோப்பை, பிஸ்கட் உறை, சோடாப் போத்தல். படங்கு அதில் இல்லை. அப்படி ஒன்று உலகத்தில் இருப்பதே பட்டியல் போட்டவருக்குத் தெரியாது. தெரிந்த ஒரே அதிகாரி நான்தான்.

ஓடையில் இறங்கிப் பொறுக்கினேன். வேலியில் சிக்கியதையெல்லாம் பிய்த்தேன். விழாவுக்கு முதல்நாள் சாயந்தரம், கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குச் சாக்குகளைச் சுமந்துபோனேன். என் கணக்கில் நூற்று மூன்று கிலோ. தராசில் கணக்கப்பிள்ளை நின்றார். அவர் ஒவ்வொரு சாக்காகத் தொங்கவிட்டு, முள்ளைப் பார்த்து, எழுதினார். மொத்தத்தைக் கேட்டேன்.

“தொண்ணூத்தெட்டு.”

“எப்படிங்க?”

“தண்ணிக்கு மூனு கழிச்சேன். சாக்குக்கு ரெண்டு.”

“இது கொழுந்தா? பிளாஸ்டிக்கு தண்ணி குடிக்குமா?”

“அது எனக்கும் வெளங்குது மாஸ்டர். இருவது வருசமா கழிச்ச கை, நிக்க மாட்டேங்குது.”

எழுதியதை அடிக்க முடியாதாம். புத்தகம் தோட்ட மேலாளரான துரையிடம் போகுமாம். மடுவத்தில் கொழுந்து நிறுக்க நின்ற பெண்கள் இந்தக் காட்சியை ரசித்த மாதிரி எந்தச் சினிமாவையும் ரசித்திருக்க மாட்டார்கள்.

“எங்களுக்குக் கழிச்சப்ப இங்கிலீசுல ஒரு வார்த்த கேட்டீங்களா?” என்றாள் ஒருத்தி.

இரண்டு கிலோ குறைகிறது. விடிந்தால் விழா. வீட்டுக்கு ஓடி, உடைந்த பேசின் ஒன்றையும் கைப்பிடி போன வாளியையும் எடுத்தேன். கையில் தூக்கிப் பார்த்ததில் இன்னும் ஒரு கிலோ வேண்டும். மனைவி விறகுக்குப் போயிருந்தாள். கதவுக்குப் பின்னால் ஆணியில் படங்கு தொங்கியது. நல்ல கனம். நாளைக்கு ஞாயிறு, வேலை இல்லை. திங்கள் விடியுமுன் கடைத்தெருவில் புதிதாக ஒன்று வாங்கிவிடலாம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். படித்தவனுக்குச் சமாதானமா கிடைக்காது?

ஞாயிற்றுக்கிழமை மடுவத்து முன்னால் மேடை. சாக்குகளின் குவியலிலிருந்து வெள்ளைக்கார அம்மா தன் கையால் ஒன்றை இழுத்துத் தூக்கிக் காட்டினார். அவ்வளவு குப்பையில் அவர் கைக்கு அதுதான் அகப்பட்டது. விரித்துப் பிடித்தார். ஓரத்தில் சிவப்பு பெயின்டில் என் மனைவியின் பேர் நம்பர், அதாவது தோட்டப் பதிவேட்டில் அவளுக்குள்ள எண். ஒருத்தி படங்கு இன்னொருத்தியிடம் போகாமல் இருக்க எல்லாரும் எழுதிவைப்பது.

“இந்த ஒரு தாள் எத்தனை ஆமைகளின் மூச்சை நிறுத்தியிருக்கும்,” என்றார் அம்மா. நான் மொழிபெயர்க்க வேண்டும். முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு மனைவி நின்றாள். அவள் நம்பரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பாதி வாக்கியத்தில் என் குரல் அடைத்துவிட்டது. ஆமைக்காக அழுகிறேன் என்று நினைத்து அம்மா என் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

கைதட்டல் முடிந்ததும் குவியல் லொறியில் ஏறிக் கொழும்புக்குப் போனது. கடலுக்குப் போகக் கூடாதென்று பிடித்துவைத்த பிளாஸ்டிக்கைக் கடைசியில் கடலோரத்துக்கே அனுப்பினோம்.

வீட்டில் கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. தேத்தண்ணி கொடுத்தாள். அதில் சீனி இல்லை.

திங்கள் விடியற்காலை கடைத்தெருவுக்கு இறங்கினேன். வழக்கமாக வாங்கும் கடையின் முதலாளி நானா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“தாள் இல்ல மாஸ்டர். போன கெழம ஒங்க ஆக்கள்தானே வந்து, பொலிதீன் விக்கிறதில்லன்னு இந்தா கண்ணாடியில ஒட்டிட்டுப் போனாங்க. வச்சிருந்த சாமானையும் திருப்பி அனுப்பியாச்சு.”

“ஒட்டினது யாரு?”

“கொழும்பு சேர் ஒட்டினாரு. பசை டப்பா நீங்கதானே புடிச்சீங்க.”

பக்கத்துக் கடையிலும் அதே ஸ்டிக்கர். அங்கேயும் பசை டப்பா என்னுடையதுதான்.

வெறுங்கையோடு திரும்பியபோது மழை பிடித்துக்கொண்டது. மனைவி உரப்பையைக் கிழித்து இடுப்பில் கட்டிக்கொண்டு மலைக்குப் போயிருந்தாள். உரப்பை நெய்த பை, தண்ணீரைத் தடுக்காது. சாயந்தரம் வந்தபோது இடுப்புக்குக் கீழே ஒரு காய்ந்த இடம் இல்லை. அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து, காலில் இருந்த அட்டைகளை உப்புப் போட்டு ஒவ்வொன்றாக உதிர்த்தாள். அன்றைக்கு அரைப்பேர். செவ்வாய்க்கிழமையும் அரைப்பேர், இரவில் இருமலும் சேர்ந்துகொண்டது. என் டீசேர்ட்டைக் கட்டிக்கொள்ளச் சொன்னேன். அவள் பார்த்த பார்வையில் ஆமையே தலையை உள்ளே இழுத்திருக்கும்.

மடுவத்து வாசலில் விழா பேனர் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. ‘பிளாஸ்டிக் இல்லாத மலை, உயிருள்ள கடல்’ என்று மூன்று மொழியில் எழுதி, நடுவில் பெரிய பச்சை ஆமை. தடித்த வழுவழுப்பான தாள், சொட்டுத் தண்ணீர் ஊறாது. அது என்ன சாமானால் செய்தது என்று, அதை ஏணி வைத்துக் கட்டிய எனக்கு ஒரு நிமிடம்கூட யோசிக்கத் தோன்றவில்லை. மனைவிக்குத் தோன்றியது.

புதன்கிழமை காலை, தேயிலைச் செடியைக் கழிக்கும் கவ்வாத்துக் கத்தியால் பேனரை அளவாக வெட்டி, கயிறு கோத்துக் கட்டிக்கொண்டு போனாள். ஆமை சரியாக இடுப்பில். அன்றைக்கு முழுப்பேர். சேலை காய்ந்திருந்தது. மலையில் மற்றப் பெண்கள் சும்மா விடுவார்களா?

“அடுத்த கூட்டம் எப்ப மாஸ்டர்?” என்று என்னை வழிமறித்துக் கேட்டாள் கருவாட்டு உறவுக்காரி. “திமிங்கிலம் போட்டது வந்தா எனக்குச் சொல்லி வைங்க. என் இடுப்புக்கு ஆமை காணாது.”

வெள்ளிக்கிழமை, காலையில் பேர் பதியும் பெரட்டுக்கு ஆட்கள் கிளம்பும் நேரம். கொழும்பு சேர் போனில் வந்தார். பக்கத்துத் தோட்டத்தில் அடுத்த விழாவாம், பேனரைப் பத்திரமாகச் சுருட்டி பஸ்ஸில் அனுப்பச் சொன்னார். நான் இருமினேன். அவர் விடவில்லை. “ஆமை இப்ப எங்க இருக்கு?” என்று இரண்டு தடவை கேட்டார்.

போனைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினேன். மனைவி கூடையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று ஆமையின் முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தாள்.

“புள்ள, பேனரத் திருப்பிக் கேக்குறாங்க. ஆமை எங்கங்கிறாரு. இல்லன்னா என் பதவி போயிரும். நான் என்னத்தச் சொல்ல?”

அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் படியிறங்கினாள்.

“வேலைக்குப் போயிருக்குன்னு சொல்லுங்க.”