அருளின் கிட்டாரில் வந்த குரல்

பேய் பிசாசு என்று பேச்செடுத்தாலே எழுந்து போய்விடுகிறவன் நான். பௌதிகம் படித்தவன். எதற்கும் ஒரு காரணம் இருக்கும் என்று வாதாடி எத்தனையோ பேரை வாயடைத்திருக்கிறேன். நீங்களும் என்னிடம் அப்படி வாதாடலாம், கோபப்பட மாட்டேன். ஆனால் இது நடந்தது, பட்டப்பகலில், பூதலூருக்குக் கிழக்கே எங்கள் வயலில் இருந்த மோட்டார் கொட்டகையில்.

அருள் எங்கள் பண்ணையில் வேலை செய்த குடும்பத்துப் பையன், என்னைவிட இரண்டு வயது மூத்தவன். மிஷன் விடுதியில் படித்தான். அங்கிருந்த ஸ்வீடன் நாட்டு ஆசிரியை ஊர் திரும்பும்போது தன் எலெக்ட்ரிக் கிட்டாரை அவனுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அதைச் செய்த கம்பெனி முதலில் அக்கார்டியன்தான் செய்ததாம். பிறகு கிட்டார் செய்தபோது, அக்கார்டியன் மேல் ஒட்டுகிற மினுமினுப்புத் தகட்டையே எடுத்து ஒட்டினார்களாம்.

"காத்துப்பெட்டி செஞ்ச கை தம்பி இது. நடுவுல கட்டை, ரெண்டு பக்கமும் உள்ள பொள்ளல், வெறும் காத்துதான். கரண்ட் இல்லாட்டியும் மொணமொணன்னு பேசும். எங்கம்மா காதை வச்சுக் கேக்கும்" என்பான்.

அவன் அம்மாவுக்குக் காது கேட்கும், பேச வராது. அவன் கைக்குழந்தையாக இருந்தபோது வந்த காய்ச்சலில் பேச்சு போய்விட்டது. அவள் குரலைக் கேட்ட நினைவே அவனுக்கு இல்லை.

அவர்கள் தெருவில் கரண்ட் கிடையாது. அதனால் எங்கள் கொட்டகைக்கு வந்து, மைக் செட் ஆம்ப்ளிஃபயரில் மாட்டி வாசிப்பான். குடியிருக்கிற மனை குடியிருப்பவருக்கே என்று கழக ஆட்சியில் சட்டம் வந்த சமயம் அது. அதிகாரி பார்க்க வருவதற்குள் எங்கள் நிலத்தில் இருந்த அவர்கள் குடிசையைப் பிரித்துவிட வேண்டும் என்று அப்பா முடிவு செய்தார்.

"அவன் இருந்தா தெருவையே கூட்டிடுவான். சாயந்தரம் வரைக்கும் உன் கொட்டகைல வச்சுக்க" என்றார் என்னிடம்.

"அவன் அம்மா?"

"மரத்தடியில உக்கார வச்சிட்டுப் பிரிப்பாங்க. அவ என்ன, கத்தவா போறா?"

நான் அருளைக் கூப்பிட்டேன். அப்பாவிடம் முடியாது என்று மறுத்திருக்கலாம், மறுக்கவில்லை.

"இன்னும் சத்தமா வாசி அருளு."

"உங்க மாடெல்லாம் கயித்த அறுத்துக்கிட்டு ஓடப்போவுது தம்பி" என்று சிரித்துக்கொண்டே சத்தத்தைக் கூட்டினான்.

அப்போதுதான் ஸ்பீக்கரில் ஒரு பெண்குரல் வந்தது. "அருளு... வாடா." கிட்டார் சத்தத்துக்கு அடியிலிருந்து, மெல்ல, ஆனால் தெளிவாக. அவன் கம்பிகளை உள்ளங்கையால் அமுக்கினான். குரல் நின்றுவிட்டது.

"யாரு தம்பி அது? எம் பேரச் சொல்லுது."

"கிட்டார்ல இருக்கற கம்பிச்சுருள், காயில், அது ரேடியோவை இழுக்கும்டா. ஏதோ நாடகம். நாட்டுல நீ ஒருத்தன்தான் அருளா?"

காயில் ரேடியோவை இழுப்பது உண்மைதான். ஆனால் அந்த நேரத்தில் வானொலி நிலையத்தில் ஒலிபரப்பு இல்லை என்பதும் எனக்குத் தெரியும். அவன் படித்தவன் பேச்சை நம்பினான், மறுபடி வாசித்தான், அதற்குப் பிறகு அந்தக் குரல் வரவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் தெருக்காரர்கள் ஓடிவந்தார்கள். மரத்தடியில் உட்காரவைத்த அவன் அம்மா பிடித்திருந்தவர்கள் கையை உதறிக்கொண்டு மறுபடி குடிசைக்குள் ஓடியிருக்கிறாள், நடுக்கால் சாய்ந்து மேலே விழுந்துவிட்டது. அருள் அங்கே ஓடிப்போனபோது அவளுக்கு உயிர் இல்லை.

காரியம் முடிந்து அவன் கொட்டகைக்கு வந்தான். அரிவாளோடு வருவான் என்று நினைத்திருந்தேன். வெறுங்கையோடு வந்து கிட்டாரை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டான்.

"நீங்க வேணும்னே என்னைப் பிடிச்சு வச்சிருந்தீங்கன்னு தெரியும். அத விடுங்க. அன்னைக்கு வந்துச்சே ஒரு குரலு, நான் அவசரப்பட்டு கம்பியப் பிடிச்சிட்டேன், சரியா கேக்கல. நீங்க கேட்டீங்கல்ல? எப்படி தம்பி இருந்துச்சு?"

"ரேடியோதான் அருளு" என்றேன்.

கிட்டார் பட்டையைத் தோளில் சரிசெய்துகொண்டு வெளியே நடந்தான். பிறகு ஊரைவிட்டே போய்விட்டான். எங்கே போனான் என்று யாருக்கும் தெரியவில்லை.

இப்போது என்னைப் பெற்றவளின் குரலே எனக்குச் சரியாக நினைவில்லை. அந்தக் குரல் மட்டும் மறக்கவில்லை. லேசான கரகரப்பு, "வாடா"வில் ஒரு இழுப்பு, எல்லாம் அப்படியே இருக்கிறது. கேட்க வேண்டியவன் அவன். அது என்னிடம் இருக்கிறது.