எதிரே எழுதிய பெயர்

ஒகேனக்கல்லில் மீன் வறுக்கும் செல்லி எட்டாவதோடு நின்றவள். ஆனாலும் அவளிடம் கோடு போட்ட நான்கு நோட்டுகள் இருந்தன. ஒன்றில் மீன்களின் பெயர், ஒன்றில் ஆற்றுப் பாறைகளின் பெயர், ஒன்றில் பரிசல்காரர்கள் புழங்கும் சொற்கள், இன்னொன்றில் சுழிகளின் பெயர். ஒன்றில் இருக்க வேண்டியது மற்றதில் வராது. ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே, அதைச் சொன்னவர் யார், என்றைக்குச் சொன்னார் என்று குறித்து வைப்பாள். தனக்கே தெரிந்ததென்றால் 'செல்லி' என்று போடுவாள். பதினாறு வருடத்து வேலை.

தம்பி முருகேஷ் தருமபுரியில் கல்லூரி வாத்தியார். "எந்தம்பி காலேஜ்ல பாடம் எடுக்கறானுங்க" என்று மீன் வாங்க வருகிறவர்களிடமெல்லாம் கேட்காமலே சொல்வாள்.

போன ஆடியில் அவன் மூன்று நோட்டுகளை வாங்கிப் போனான். "புத்தகமாப் போட்டுடலாங்க்கா. அட்டையில உம் பேரும் எம் பேரும்." சுழி நோட்டு முடியவில்லை என்று அவள் தரவில்லை.

தையில் புத்தகம் தபாலில் வந்தது. அட்டையில் முருகேஷ் பெயர் மட்டும். கையைத் துடைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினாள். அவள் பிரித்த பிரிவுகள், அவள் வைத்த வரிசை, எதுவும் மாறவில்லை. கடைசிப் பக்கத்தில் 'தகவல் தந்தோர்' நாற்பத்தொரு பேர், தொழில்வாரியாக. 'மீன் வறுப்போர்' என்பதன் கீழே அவள்.

பக்கத்துக் கடை ராஜாமணி எட்டிப் பார்த்தாள். "உன்னயக் கெளுத்தி மீனுக்குப் பக்கத்துல வெச்சிருக்காரா, ஆராலுக்குப் பக்கத்துலயாக்கா?"

செல்லி சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முருகேஷ் வந்தான்.

"அட்டையில எம் பேரு எங்கடா?"

"நீயேதான எழுதி வெச்சிருக்கற? எல்லாத்துக்கும் எதிர்ல அடுத்தவங்க பேரு. உம் பேரு பத்தொம்பது சொல்லுக்குத்தான் இருக்குது. அத வெச்சு உன்னய ஆசிரியர்னு எப்பிடிக்கா போடறது?"

"உம் பேரு எத்தனை சொல்லுக்கு இருக்குது?"

அவன் எண்ணெய்ச் சட்டியைப் பார்த்தான். "ரெண்டாம் பதிப்பு கேக்கறாங்க. அந்தச் சுழி நோட்டக் குடுத்தீன்னா..." என்றான்.

செல்லி மீனைத் திருப்பிப் போட்டாள். "சொன்னவங்களையே போய்க் கேட்டுக்க. சுழிப் பேரு நெறயச் சொன்ன கிருஷ்ணப்பன் அண்ணன் செத்து மூணு வருசமாச்சு. மத்தவங்க ஆத்துலதான் இருப்பாங்க."

இலையில் இரண்டு துண்டு வைத்து அவன் முன்னால் நகர்த்தினாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த வெளியூர்க்காரர், "யாருங்கம்மா, சொந்தமா?" என்று கேட்டார்.

"மீன் திங்க வந்தவருங்க" என்றாள்.