பன்னிரண்டு மணிக் கஞ்சி

இது நடந்த கதை. எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அணைத்துச் சொல்லலாம். ஆஸ்பத்திரி என்றாலே பேய்தானே என்று இளிப்பவர்கள் இப்போதே எழுந்து போய்விடுங்கள். நாகரத்தினம் இன்றும் தஞ்சாவூரில்தான் இருக்கிறாள். உச்சிவேளையில் ஒரு வாய் தண்ணீர் கொடுத்துப் பாருங்கள். மணி ஒன்று அடிக்காமல் தொடமாட்டாள்.

1973, பங்குனி மாதம். நில உச்சவரம்புக்குப் பயந்து, செத்த பாட்டன் பெயரிலும் பிறக்காத பேரன் பெயரிலும் பண்ணையார்கள் வயலை எழுதிக்கொண்டிருந்த காலம். பூதலூருக்கு அந்தப் பக்கத்துப் பெரிய பண்ணை பஞ்சநதத்துக்கு எழுபது வயதில் கணையத்தில் கட்டி வந்தது. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஏழு மணி நேரம் அறுத்து எடுத்தார்கள். குடலை வெட்டி ஒட்டியிருந்ததால் வாய் வழியாக ஒரு சொட்டும் கூடாது. வயிற்றில் துளை போட்டு, சிறுகுடலுக்குள் ரப்பர் குழாய் விட்டிருந்தார்கள். மேல் நுனியில் ஒரு புனல். இரண்டு மணிக்கு ஒரு தரம் அதில் வடிகட்டிய கஞ்சியை மெதுவாக ஊற்ற வேண்டும்.

"பத்து நாள் இவருக்கு சத்து ஏறணும். ஏறலேன்னா ஒட்டு பிரிஞ்சிடும், ஆள் போயிடுவாரு" என்றார் பெரிய டாக்டர்.

அந்தப் பொறுப்பு பகல் நர்ஸ் நாகரத்தினத்தின் தலையில் விழுந்தது. பாவம், அவளுக்குத் தற்காலிக வேலை. ஒரு தப்பு நடந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அவள் சம்பளத்தில்தான் நாலு பேர் சாப்பிட்டார்கள்.

பண்ணையாரின் மகன் துரைராசு முதல் நாளே முறுக்கிக்கொண்டு நின்றார்.

"ஆஸ்பத்திரிக் கஞ்சி எங்கப்பா உடம்புல போகக் கூடாது. எவன் கை பட்டதோ! எங்க வூட்லேருந்து வரும்."

காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் காரில் வந்தது. ஆடை எடுத்த பால், முட்டை வெள்ளைக்கரு, சீனி எல்லாம் கலந்த கஞ்சி. வெயிலில் காலைக் கஞ்சி பதினொரு மணிக்கே புளித்துவிட்டது.

"மத்தியானத்துக்குப் புதுசா அனுப்புங்கய்யா" என்றாள் நாகரத்தினம்.

"பாப்போம் பாப்போம்" என்று சொல்லிவிட்டுத் துரைராசு காரில் ஏறினார்.

மறுநாள் சரியாக 11.50. அறை வாசலில் ஒரு ஆள். முழங்காலுக்கு மேல் வேட்டி. துண்டு கக்கத்தில். பித்தளைத் தூக்கைத் தரையில் வைத்துவிட்டு நாலடி பின்வாங்கி நின்றான். அந்தக் காலத்துப் பண்ணையாட்கள் அப்படித்தான் நிற்பார்கள். நாகரத்தினத்துக்குக் கோபம் வந்தது.

"இது ஆஸ்பத்திரிங்க. உள்ள வந்து கையில குடுங்க. பெரிய பண்ணை வூட்டு ஆளா?"

அவன் தலையை மட்டும் ஆட்டினான். முகத்தை நிமிர்த்தவில்லை.

கஞ்சியைத் தொட்டால் சில்லென்றிருந்தது. வெளியே நெருப்பாய் வெயில். வடிகட்டினால் வலையில் ஒரு வைக்கோல் துணுக்கு. பண்ணை வீட்டுச் சமையலின் லட்சணம் இதுதான் என்று திட்டிக்கொண்டே வெந்நீரில் சூடேற்றி ஊற்றினாள். சார்ட்டில் "12.00, 200 மில்லி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

கஞ்சி இறங்கும்போது பஞ்சநதம் பல்லைக் கடித்தார். முகத்தைத் திருப்பினார். தொண்டை ஏறி இறங்கியது.

"ஊத்தாத... மூச்சு முட்டுது..."

"வாயில ஒண்ணும் ஊத்தலைங்களே. வயித்துலதானே போவுது."

தினமும் 11.50. தினமும் அதே ஆள், அதே தூக்கு. கழுவி வாசலில் வைத்தால் அடுத்த நிமிஷம் இருக்காது. அவன் நின்ற இடத்தில் ஈரச் சேற்றுக் கால்தடம். மேட்டூர் அணையை மூடி வாய்க்காலெல்லாம் வெடித்துக் கிடக்கும் பங்குனியில் எந்த வயலில் சேறு? யோசித்தாள். யோசிக்க நேரமில்லை. பெரியவரின் எடை இறங்கிக்கொண்டே இருந்தது. ஐம்பத்திரண்டு, ஐம்பது, நாற்பத்தேழு.

அந்த ஆள் வரத் தொடங்கிய ஏழாம் நாள் துரைராசு எல்லார் முன்னாலும் கத்தினார்.

"பாலும் முட்டையுமா அனுப்பறோம், எங்கப்பா எலும்பாக் கெடக்கறாரு! எல்லாத்தையும் நீ வூட்டுக்குத் தூக்கிட்டுப் போறியா? திருட்டு நாயே!"

நாகரத்தினத்துக்கு உடம்பே பற்றி எரிந்தது. அழுகையும் வந்தது. ஆனாலும் விடவில்லை.

"நாளைக்குப் பன்னெண்டு மணிக்கு நீங்களே பக்கத்துல ஒக்காந்து பாருங்க."

மறுநாள் வந்தார். நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தார்.

11.50. வெளியே... டங். தூக்கைத் தரையில் வைக்கும் சத்தம்.

நாகரத்தினம் போய் எடுத்துவந்தாள். துரைராசு புருவத்தைச் சுருக்கினார்.

"என்னது இது?"

"உங்க வூட்டுக் கஞ்சி. தெனமும் உங்க ஆளு கொண்டாறாரே."

"மத்தியானத்துக்கா? நீ கேட்டதையே நான் மறந்துட்டேன். நாங்க யாரையும் அனுப்பலியே..."

இத்தனை நாள்... யார் கொடுத்ததை ஊற்றினேன்?

வாசலுக்கு ஓடினாள். நடை காலி. சேற்றுத் தடம் வாசல்வரை வந்திருந்தது. திரும்பிப் போன தடம் இல்லை.

11.58. துரைராசு தூக்கைத் திறந்தார்.

குப்பென்று சாணி நாற்றம்.

உள்ளே பச்சையாய்... தண்ணீர்.

தூக்கு அவர் கையிலிருந்து நழுவிக் கவிழ்ந்தது.

தரை நனையவில்லை.

ஸ்டாண்டில் தொங்கிய காலிப் புனல்... நிறைந்தது. பச்சையாய்.

யாரும் ஊற்றவில்லை.

மடக்... மடக்... மடக்...

கட்டிலிலிருந்து சத்தம். பஞ்சநதத்தின் வாய் தானாகப் பிளந்திருந்தது. கண் பிதுங்கியது.

நாகரத்தினம் பாய்ந்து குழாயை மடக்கிப் பிடித்தாள். சத்தம் நிற்கவில்லை.

12.07. நின்றது.

ஒட்டு பிரிந்துவிட்டது என்றார் பெரிய டாக்டர். புனலும் தூக்கும் காய்ந்து சுத்தமாக இருந்தன. துரைராசு புகார் எதுவும் எழுதவில்லை. நாகரத்தினத்தின் முகத்தைப் பார்க்கவே அவருக்குத் தைரியமில்லை. அவள் வேலைக்கு ஆபத்து வரவில்லை. ஆனால் சார்ட்டில் முந்தைய ஏழு மத்தியானத்துக்கும் அவள் கையெழுத்துதான் இருந்தது.

சாயங்காலம் உடலை எடுக்க வந்தவர்களோடு பண்ணைச் சமையல்காரி வைரக்கண்ணுவும் வந்திருந்தாள். நாகரத்தினம் அவளை ஓரமாக இழுத்துக்கொண்டு போய், வந்த ஆளின் அடையாளத்தைச் சொன்னாள். கிழவி பிணவண்டியைப் பார்த்தாள். பிறகு தரையில் துப்பினாள்.

"அது அய்யாவு. அறுப்புக் கூலியில அரை மரக்கா கூடக் கேட்டான். மாட்டுக் கொட்டாய்ல கட்டிப்போட்டு, சாணியக் கரைச்சு, மூங்கக் கொழாயால வாயில ஊத்தினாங்க. உச்சிப் பொழுது. அதுக்கப்புறம் ஒரு பருக்கை உள்ள எறங்கல. எட்டாம் நாளு செத்தான். இருவத்தொம்போது வருசம் ஆச்சு."

"பெரியவரா ஊத்தினாரு?"

"அவரு சாய்வு நாக்காலில ஒக்காந்து ஊத்துடான்னாரு. ஊத்தினது இந்தா நிக்கறாரே, சின்னவரு. அப்ப அவருக்குப் பதினேழு வயசு. சிரிச்சுக்கிட்டே ஊத்தினாரு."

நாகரத்தினம் திரும்பிப் பார்த்தாள். காருக்குப் பக்கத்தில் துரைராசு நின்றிருந்தார். சாய்ந்த வெயில் நேராக அவர் முகத்தில் அடித்தது. இரண்டு கண்ணின் வெள்ளையும் நல்ல மஞ்சள். பஞ்சநதம் முதல் நாள் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது இருந்த அதே மஞ்சள்.

அடுத்த மாதம் ஆபரேஷன் பட்டியலில் துரைராசுவின் பெயர் வந்தது. அதே டாக்டர், அதே வியாதி. பகல் டியூட்டிக்கு நாகரத்தினத்தைப் போட்டு, வேலையை நிரந்தரமாக்கிய உத்தரவையும் கையில் கொடுத்தார்கள். அவள் அதை மேஜைமேல் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தாள்.