ஸ்டெல்லா அக்காவும் கோப்பி கடிச்ச ஆர்க்கிட்டும்

ஸ்டெல்லா அக்கா தவறிட்டாங்க... இப்பதான் அவங்க மக மெசேஜ் போட்டாங்க. தூக்கத்துலயே போய்ட்டாங்களாம்.

பீடோங் ஞாயித்துக்கிழமை பாசார் சந்தையில வேன் பின்னால ஆர்க்கிட் விக்கிற அக்காதான். பச்சை தொப்பி, சத்தமான சிரிப்பு... பாத்திருப்பீங்க.

அழுதுகிட்டேதான் டைப் பண்றேன். ஆனா அவங்களப் பத்தி பேசுனா எனக்கு குஷிதான் வருது, என்ன செய்ய.

முதல் தடவை செடி வாங்கப் போனப்ப, வீட்ல நாய் இருக்கு, கண்டதையும் கடிக்கும், இது விஷமா அக்கான்னு கேட்டேன்.

அவங்க உடனே ஒரு இதழைப் பிச்சு வாயில போட்டு மென்னாங்க. அப்புறம்தான் சொன்னாங்க, ஆர்க்கிட் நாய்க்கு விஷமில்ல, நிறைய தின்னா வாந்தி எடுக்கும், அவ்வளவுதான்னு.

நாலு செடி வாங்கிட்டேன் லா!

ரெண்டு மாசம் கழிச்சு ஒரு சனிக்கிழமை மத்தியானம்... என் நாய் கோப்பி ஒரு பாசுவ, அதான் பூந்தொட்டிய, கவுத்துப் போட்டு, செடிய குதறி வச்சிருக்கு. வாயில நுரை. உடம்பெல்லாம் உதறுது.

எனக்கு வந்த கோவத்துக்கு நேரா அக்காவுக்குத்தான் போன் அடிச்சேன். விஷமில்லன்னு பொய் சொல்லி வித்துட்டீங்கன்னு கத்துனேன்.

அவங்க திருப்பிக் கத்தல.

"செடிய விடு தம்பி. பாசுல என்ன போட்ட?"

அப்பதான் எனக்கு உறைச்சுது. நத்தை வருதுன்னு ஹார்ட்வேர் கடையில நீல உருண்டை மருந்து வாங்கிப் போட்டிருந்தேன்...

"அந்த பாக்கெட்ட கையில எடு. வாசல்ல நில்லு. நான் வர்றேன்."

பத்தே நிமிஷத்துல வந்துட்டாங்க. வேன்ல இருந்த பாசுங்க எல்லாம் உருள உருள சுங்கை பட்டாணி டவுன் மிருக கிளினிக் வரைக்கும் ஓட்டுனாங்க. பின்னால நானும் கோப்பியும், எங்க மேல பூவா கொட்டுது.

மிருக டாக்டர் பாக்கெட்டப் பாத்த உடனே உள்ள தூக்கிட்டுப் போய்ட்டாரு. பூவால ஒன்னும் இல்ல, நத்தை மருந்துதான், இன்னும் லேட்டாயிருந்தா கஷ்டம்னாரு.

மறுநாள் காலையில கோப்பி எழுந்து நின்னுச்சு! பாசாருக்கு போன் போட்டு சொன்னேன். அக்கா அங்கேயே விசில் அடிச்சாங்க. பக்கத்துல மீன் விக்கிறவர் என்ன விஷயம்னே தெரியாம கை தட்டுனாராம்.

அடுத்த வாரம் போனா... வேன் கதவுல பெரிய அட்டை. நடுவுல கோப்பி போட்டோ, என்கிட்ட கேக்கவே இல்ல.

தமிழ், மலாய், இங்கிலீஷ் மூணுலயும் எழுதியிருந்தாங்க: "நாய் ஆர்க்கிட் கடிச்சா பயப்படாதீங்க. நத்தை மருந்து கடிச்சா ஒரு நிமிஷம்கூட நிக்காதீங்க."

ஜனங்க அதுகிட்ட நின்னு செல்பி எடுத்தாங்க. நான் திட்டுனதுக்கு மன்னிப்பு கேட்டப்ப அக்கா, நாய் மேல அவ்வளவு பாசம் இருந்தா நானும் அப்படித்தான் கத்தியிருப்பேன்னு சொல்லிட்டு அடுத்த ஆளுக்கு செடி கட்டப் போய்ட்டாங்க.

அக்காவ போன வாரம்தான் பாத்தேன். நாலு வருஷமா பூக்காத ஒரு செடி அன்னைக்குப் பூத்திருச்சாம். பாசார் முழுக்க ஓடி ஓடி போன்ல வீடியோ காட்டுனாங்க. எனக்கு மட்டும் மூணு தடவை.

அந்தப் பூ இன்னும் செடியிலதான் இருக்காம் அக்கா. உங்க மக சொன்னாங்க.

நாளைக்கு காலையில உங்கள வழியனுப்ப சர்ச்சுக்கு வர்றேன்.